பொன்னிறம் என்றால் எந்த நிறம்? ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமையல் சொல்லித்தரும் முறை

‘வெங்காயம் பொன்னிறமாக வதங்கியதும் தக்காளியைச் சேர்க்கவும்.’ இந்த வரியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். எழுத்துக்கூட்டாமல் படித்துவிடும். பொன்னிறம் எது என்று மட்டும் தெரியாது. ‘பச்சை வாசனை போகும் வரை’, ‘பக்குவமாக வந்ததும்’, ‘கையில் ஒட்டாத பதம்’ எல்லாமே இப்படித்தான். நம் சமையல் குறிப்புகள் ஏற்கெனவே சமைக்கத் தெரிந்தவருக்காக எழுதப்பட்டவை. குறிப்பை மனப்பாடம் செய்த பிள்ளை, அடுப்பு மாறினால் திணறிப்போகும். சட்டியில் நடப்பதைக் கண்ணாலும் காதாலும் மூக்காலும் பிடிக்கத் தெரிந்த பிள்ளை எந்த அடுப்பிலும் சமாளித்துக்கொள்ளும். அதனால் சொல்லித்தர வேண்டியது பதார்த்தத்தை அல்ல, பதத்தை.

இங்கே உள்ளது கோடை விடுமுறைக்கான ஆறு வகுப்புத் திட்டம். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். எட்டுப் பிள்ளைகள், இரண்டு அடுப்பு, இரண்டு பெரியவர்கள் என்பது கணக்கு. ஒரு அடுப்புக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது ஆள் வேடிக்கை பார்ப்பார், ஆறாவது ஆள் விளையாடப் போவார்.

இடமும் நேரமும்

சென்னையில் மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அடுப்படியில் நிற்கப் பெரியவர்களுக்கே முடியாது. காலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியுங்கள். சமைத்ததே அன்றைய காலைச் சாப்பாடு ஆகிவிடும்.

ஃபிளாட் சமையலறையில் எட்டுப் பிள்ளைகள் நிற்க இடம் இருக்காது. ஹாலில் சாப்பாட்டு மேசை மீது இண்டக்‌ஷன் அடுப்பு வைப்பதுதான் வசதி. இன்னொரு காரணமும் உண்டு. கேஸ் அடுப்பு என்றால் தீ அலையும் என்று மின்விசிறியை நிறுத்த வேண்டும். இண்டக்‌ஷன் என்றால் விசிறி ஓடலாம். ஆனால் 2000 வாட் அடுப்பு ஒன்று ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். செல்போன் சார்ஜர் மாட்டும் சின்ன பிளக் பாயின்ட்டிலோ எக்ஸ்டென்ஷன் பெட்டியிலோ மாட்டினால் பிளக் சூடாகி உருகும். ஏசி, கீசருக்குக் கொடுத்திருக்கும் 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். இரண்டு அடுப்பையும் ஒரே லைனில் மாட்டினால் எம்.சி.பி. (மின்சாரம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்) விழும். முந்தைய நாளே இரண்டையும் முழுச் சூட்டில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

அலுமினியச் சட்டி, பித்தளைப் பாத்திரம் சாதாரண இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால் ஆகும், ஒட்டாவிட்டால் ஆகாது. பிள்ளைகளிடமே ஒரு காந்தத்தைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் அதிலேயே உற்சாகமாகப் போய்விடும்.

உயரத்தைக் கவனியுங்கள். அடுப்பில் பாத்திரம் இருக்கும்போது பிள்ளையின் முழங்கை பாத்திர விளிம்புக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் கையைத் தூக்கிக் கிண்டும். தெறிப்பது அக்குளிலும் முகத்திலும் படும். குட்டையான பிள்ளைக்கு முக்காலி போட்டு ஏற்றாதீர்கள், ஆடும். மேசையைத் தாழ்வானதாக மாற்றுங்கள்.

பருத்தி உடை, தூக்கிக் கட்டிய முடி. துப்பட்டாவும் தொங்கும் கையும் கூடாது. காலில் விரல் மூடிய செருப்பு இருக்கட்டும். அடுப்படியில் செருப்பா என்று பாட்டிகள் கேட்பார்கள். கத்தி நழுவினால் நேராகப் பாதத்தில்தான் விழும் என்று சொல்லுங்கள். வீட்டுக்குள் மட்டும் போடும் ஜோடி என்றால் ஒப்புக்கொள்வார்கள்.

சேர்க்கும்போதே பெற்றோரிடம் கேட்க வேண்டியவை மூன்று: வேர்க்கடலை, முந்திரி, பால், முட்டை எதற்காவது ஒவ்வாமை உண்டா, வீட்டில் முட்டை சேர்ப்பார்களா, ஆஸ்துமா உண்டா. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மிளகாய் தாளிக்கும் நெடி இழுப்பைக் கிளப்பிவிடும்.

முதல் வகுப்பு: தீ இல்லாமல்

கத்தியும் உப்பும்தான் முதல் பாடம். கொசுமல்லியும் நீர்மோரும் செய்யலாம்.

பன்னிரண்டு சென்டிமீட்டர் அலகுள்ள கத்தி போதும், ஆனால் கூர்மையாக இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு என்று மொட்டைக் கத்தி வாங்கிக் கொடுப்பது பெரிய தப்பு. மொட்டைக் கத்தி காயில் இறங்காது, பிள்ளை அழுத்தும், தோலில் வழுக்கி விரலுக்கு வரும். அரிவாள்மனை இந்த வயதுக்கு இப்போது வேண்டாம். அதில் அலகு அசையாமல் நிற்க, கைதான் அதை நோக்கிப் போகும். தேங்காய்த் துருவியும் அப்படித்தான், பெரியவரே துருவிக் கொடுத்துவிடலாம்.

பலகைக்கு அடியில் ஈரத்துணி விரியுங்கள், நகராது. காயைப் பிடிக்கும் கையில் விரல் நுனிகளைப் பூனை நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வது போல மடக்கச் சொல்லுங்கள். முட்டிதான் கத்தியின் பக்கவாட்டைத் தொட வேண்டும், பெருவிரல் பின்னால் ஒளிந்திருக்க வேண்டும். முதலில் வாழைப்பழம், பிறகு வெள்ளரிக்காய், பிறகு பீன்ஸ். உருண்டையான எதையும் முதல் வெட்டில் இரண்டாக்கி, தட்டையான பக்கத்தைப் பலகையில் படுக்க வைத்துவிட்டுத்தான் மேலே நறுக்க வேண்டும். வெங்காயம் இரண்டாவது வகுப்பில்தான். கண்ணில் நீர் வழியும் நேரத்தில் கத்திப் பழக்கம் வராது.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது. மேசையில் வைக்க வேண்டும், அடுத்தவர் எடுத்துக்கொள்ள வேண்டும். சோப்புத் தண்ணீர் நிறைந்த சிங்க்கில் கத்தியைப் போடவே கூடாது. பாத்திரம் தேய்க்கக் கைவிடும் ஆளுக்கு அது தெரியாது.

கொசுமல்லிக்கு நான்கு பேருக்குக் கால் கப் பாசிப்பருப்பு, ஒரு மணி நேரம் ஊறவைத்து வடித்தது. ஒரு வெள்ளரிக்காய், ஒரு கேரட் துருவல், எலுமிச்சை அரை மூடி. உப்பு பரிமாறும்போதுதான். ஏன் என்று சொல்லாமல் காட்டுங்கள். ஒரு கிண்ணத்தில் முதலிலேயே உப்புப் போட்டு வைத்துவிடுங்கள். இருபது நிமிடத்தில் வெள்ளரி தண்ணீர் விட்டு அடியில் குளம் கட்டியிருக்கும்.

நீர்மோரில்தான் உப்புப் பாடம். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர். மூன்று செம்பில் லிட்டர் லிட்டராகப் பிரித்து, முதலாவதில் கால் டீஸ்பூன் தூளுப்பு, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு. கண்ணை மூடிக் குடித்து எது சரி என்று சொல்லட்டும். அநேகமாக நடுவில் இருப்பதைச் சொல்வார்கள். குறைந்த உப்பைக் கூட்டலாம், கூடிய உப்பை எடுக்க முடியாது என்பது அந்த மூன்றாவது செம்பைக் காப்பாற்றப் பார்க்கும்போது தானாகப் புரியும். கல்லுப்பு பயன்படுத்தும் வீட்டுப் பிள்ளைக்கு ஒன்று சொல்லுங்கள்: ஒரு ஸ்பூன் கல்லுப்பில் கற்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும், தூளுப்பைவிட எடை குறைவாக நிற்கும். அளவுக் கப்பும் அப்படியே. ஒரு வீட்டு டம்ளர் இன்னொரு வீட்டு டம்ளர் இல்லை. வகுப்பு முழுக்க 200 மில்லி கப் ஒன்றையே வையுங்கள். கீழே கப் என்று வருவதெல்லாம் அதுதான்.

இரண்டாவது வகுப்பு: வெங்காயத் தட்டு, குக்கர்

கால் கிலோ பெரிய வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கி, ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெயில், நடுத்தரச் சூட்டில் வதக்குங்கள். பக்கத்தில் வெள்ளைத் தட்டு. ஐந்தாவது நிமிடம் ஒரு ஸ்பூன் எடுத்துத் தட்டில் வையுங்கள்: கண்ணாடி போல இருக்கும், நெடி போயிருக்கும். பத்தாவது நிமிடம் இன்னொன்று: ஓரம் மட்டும் நிறம் மாறியிருக்கும். பதினைந்தாவது நிமிடத்தை ஒட்டி மூன்றாவது: இதுதான் பொன்னிறம். அதற்குப் பிறகு வேண்டுமென்றே இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிட்டு நான்காவது: கருகியது. நான்கையும் வரிசையாகப் பார்த்து, முகர்ந்து, ஆறியதும் தின்று பார்க்கட்டும். முதல் பதினைந்து நிமிடத்தில் வராத நிறம் கடைசி இரண்டு நிமிடத்தில் ஓடிவருவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெங்காயத்திலிருக்கும் தண்ணீர் ஆவியாகும் வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் தீர்ந்ததும் தடுப்பார் இல்லை. ‘அடுப்பில் வைத்துவிட்டு இதோ வந்துவிட்டேன்’ என்று போகும் நேரம் எப்போதும் இந்த இரண்டு நிமிடமாகத்தான் இருக்கும்.

இந்தத் தட்டை ஒரு போட்டோ எடுத்து அச்சிட்டு ஒட்டிவையுங்கள். மீதி நான்கு வகுப்பிலும் கைகொடுக்கும்.

குக்கரைப் பிள்ளைகள் பயப்படும் பொருளாக வைத்திருக்காதீர்கள். பிரித்துக் காட்டுங்கள். மூடியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, வெயிட் உட்காரும் குழாய் வழியாக மறுபக்கம் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது முதல் பழக்கம். பருப்பு நுரை அங்கே போய்க் காய்ந்து அடைத்திருக்கும். கேஸ்கெட் விரிசல் விட்டிருக்கிறதா, ரப்பர் இறுகிவிட்டதா என்பது இரண்டாவது. குக்கரில் முக்கால் பாகம் நிரப்பினால் வெயிட் வழியாகத் தண்ணீர் கொப்பளிக்கும். அரிசிக்கும் பருப்புக்கும் பாதி, அதற்கு மேல் போகக் கூடாது. அணைத்த பிறகு வெயிட்டைக் கரண்டியால் தூக்கி ‘ஆவி எடுப்பது’ பெரியவர்கள் செய்யும் கெட்ட பழக்கம். பிள்ளைகள் முன்னால் செய்யாதீர்கள். உள்ளே 120 டிகிரி வரை சூடு இருக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் தானாக அடங்கட்டும்.

பொன்னி புழுங்கலரிசி ஒரு கப், அரை மணி நேரம் ஊறியது, தண்ணீர் மூன்று கப், நடுத்தரச் சூட்டில் நான்கு விசில். பழைய அரிசி தண்ணீரைக் கூடக் குடிக்கும்; புது அரிசி அதே தண்ணீரில் குழைந்துவிடும். பக்கத்துக் குக்கரில் அரை கப் துவரம்பருப்பு, ஒன்றரை கப் தண்ணீர், சிட்டிகை மஞ்சள்தூள், நாலு சொட்டு எண்ணெய், ஐந்து விசில். எண்ணெய் நுரையை அடக்கும். பருப்பு வேகும் முன் புளியோ தக்காளியோ சேர்த்தால் புளிப்பில் பருப்பு மசியாமல் நிற்கும். பானையில் சோறு வடிப்பதை இந்த வயதில் தொடாதீர்கள். கொதிக்கும் கஞ்சியைச் சாய்க்கப் பன்னிரண்டு வயது மணிக்கட்டுக்குப் பலம் போதாது.

மிச்சம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். கோடையில் வெந்த சோற்றை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. சாப்பிட வேண்டும், இல்லை ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும்.

மூன்றாவது வகுப்பு: தாளிப்பு

ஆறில் இதுதான் கடினம், இதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்ததும். வெந்த பருப்பைக் கடைந்து உப்புப் போட்டுத் தாளித்துக் கொட்டுவது மட்டுமே வேலை.

முதலில் தீயில்லாத ஒத்திகை. வெறும் தாளிப்புக் கரண்டி, பக்கத்தில் வரிசையாகச் சின்னக் கிண்ணங்கள்: கடுகு அரை டீஸ்பூன், உளுத்தம்பருப்பு ஒரு டீஸ்பூன், கிள்ளாத வற்றல் மிளகாய் ஒன்று, பெருங்காயத்தூள் சிட்டிகை, கறிவேப்பிலை ஒரு இணுக்கு. இடமிருந்து வலமாக, போடும் வரிசையிலேயே இருக்க வேண்டும். இரண்டு முறை போடுவதுபோல நடித்துப் பார்க்கட்டும். தாளிப்பு கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சூடு இல்லை, தேடல். கடுகு வெடித்த பிறகு உளுந்து டப்பாவைத் திறக்கப் போவார்கள், திரும்பி வருவதற்குள் கடுகு கசந்துவிடும்.

கறிவேப்பிலையைக் கழுவித் துணியில் ஒற்றி எடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சூடான எண்ணெய்க்கு அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகி விரியும். மேலே இருக்கும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். சட்டியில் படபடப்பதும் கையில் தெறிப்பதும் அதுதான். கடுகு வெடிப்பதும் அதே கதைதான், உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைக் கிழிக்கிறது.

இரண்டு டீஸ்பூன் எண்ணெய். ஒரு கடுகை மட்டும் போட்டுப் பாருங்கள். சும்மா கிடந்தால் காயவில்லை. உடனே துள்ளினால் மீதியைப் போடலாம். புகை வந்தால் தாண்டிவிட்டது, அணைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இடது கையில் ஒரு மூடியைக் கேடயம் போலப் பிடித்துக்கொள்ளட்டும். கடுகு போட்டதும் யாரும் பேசக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள்.

“சத்தம் கேக்குதா கண்ணா? இப்போ எப்படி இருக்கு?”

“நிறைய வெடிக்குது மிஸ்.”

“குறையுற வரைக்கும் காத்திரு. குறைஞ்சதும் உளுந்து.”

இவ்வளவுதான் பாடம். வெடிச்சத்தம் ஓயத் தொடங்கியதும் உளுந்து. அது வெங்காயத் தட்டின் மூன்றாவது குவியல் நிறத்துக்கு வரச் சூட்டைப் பொறுத்து அரை நிமிடம் ஆகலாம். உடனே மிளகாய், அடுப்பை அணைத்துவிட்டுப் பெருங்காயம், கடைசியாகக் கறிவேப்பிலை. கரண்டிச் சூடே மீதியைப் பார்த்துக்கொள்ளும். முதல் தாளிப்பு கருகினால் கருகட்டும். அதை ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்து முகரச் சொல்லுங்கள். பெரியவர் குறுக்கே கைவிட்டுக் கரண்டியைப் பிடுங்குவதுதான் பிள்ளையைத் திடுக்கிட வைத்து விபத்தில் கொண்டுபோய் விடும். வாயால் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுப்பை அணையுங்கள்.

எண்ணெய் தீப்பிடித்தால்: அடுப்பை அணை, மூடியைப் போடு, தள்ளி நில். தண்ணீர் ஊற்றாதே. இதைத் தீயில்லாமல் ஆளுக்கு ஒருமுறை செய்யவையுங்கள்.

சூடுபட்டால் இருபது நிமிடம் குளிர்ந்த தண்ணீர். இங்கே ஒரு சென்னைச் சிக்கல் உண்டு. மே மாதத்தில் வெயில் ஏறிவிட்டால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயில் சுடச்சுட வரும். அதனால் முந்தைய இரவே ஒரு வாளி பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள். சொம்பால் மொண்டு விட்டுக்கொண்டே இருக்கலாம். ஐஸ், டூத்பேஸ்ட், இங்க், மாவு எதுவும் கூடாது. வளையல், மோதிரத்தை வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். முகத்தில் பட்டாலோ, பிள்ளையின் உள்ளங்கை அளவைவிடப் பெரிதாக இருந்தாலோ 108.

கேஸ் அடுப்பில்தான் நடத்துகிறீர்கள் என்றால் பற்றவைப்பதைத் தனியாகப் பழக்குங்கள். லைட்டரைப் பர்னர் பக்கத்தில் வைத்த பிறகே குமிழைத் திருப்ப வேண்டும். மூன்று நொடியில் பற்றாவிட்டால் மூடிவிட்டு அரை நிமிடம் பொறுக்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம், தரையோரம் தேங்கும். கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய் 1906-க்குப் போன் செய்ய வேண்டும்.

நான்காவது வகுப்பு: ரசம்

மூக்குக்கான பாடம். நெல்லிக்காய் அளவு புளி, இரண்டு தக்காளி, மூன்று கப் தண்ணீர், ஒரு டீஸ்பூன் உப்பு, ஒன்றரை டீஸ்பூன் ரசப்பொடி, அரை கப் பருப்புத் தண்ணீர். புளித்தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும் ஒருமுறை, எட்டாவது நிமிடம் ஒருமுறை ஆவியைக் கையால் மூக்குப் பக்கம் விசிறி முகரட்டும். முகத்தைப் பாத்திரத்துக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ‘பச்சை வாசனை’. பருப்புத் தண்ணீர் சேர்த்ததும் அடுப்பை விட்டு நகரக் கூடாது. விளிம்பில் நுரை கட்டி நடுவை நோக்கி வரும். குமிழ்விட்டுக் கொதிக்கும் முன் இறக்க வேண்டும். இரண்டு நிமிடம் கொதித்த ரசத்தையும் பக்கத்தில் வைத்து ருசி காட்டுங்கள். மிளகு சீரக மணம் ஆவியோடு போயிருக்கும்.

யாராவது வீட்டில் ஈயச்சொம்பு இருந்தால் வாங்கிக் காட்டுங்கள், ஆனால் பெரியவரே பயன்படுத்தட்டும், அதுவும் கேஸ் அடுப்பில். அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும். ரசம் உள்ளே இருக்கும் வரை நூறு டிகிரிதான், ஆபத்தில்லை. வெறும் சொம்பைத் தீயில் வைத்தால் சில நிமிடத்தில் அடுப்பில் வெள்ளியாக ஓடிவிடும். முதலில் தண்ணீர், அப்புறம் தீ என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது.

ஐந்தாவது வகுப்பு: ரவா உப்புமா

முகம் சுளிப்பார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், தொடக்கப் பள்ளியில் வாரம் தவறாமல் உப்புமா சாப்பிட்ட பிள்ளைகள் இப்போது ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். நல்லதுதான். எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு அபிப்பிராயத்தோடு வருவார்கள்.

ஒரு கப் ரவை, இரண்டரை கப் தண்ணீர், முக்கால் டீஸ்பூன் உப்பு. ரவையை மிதமான சூட்டில் ஐந்து நிமிடம், நிறம் மாறாமல் மணம் வரும் வரை வறுக்க வேண்டும். கட்டி தட்டுவதற்குக் காரணங்கள்: ரவை வறுபடாதது, தண்ணீர் தளதளவென்று கொதிக்காதது, மொத்தமாகக் கொட்டியது. மூன்றாவதுக்கு ஆள் வேண்டும். ஒருவர் மழை பெய்வதுபோல மெல்லத் தூவ, இன்னொருவர் நிறுத்தாமல் கிண்ட வேண்டும். தூவுவதற்கு முன் சூட்டைக் குறைத்துவிடுங்கள். கெட்டியாகும் ரவை எரிமலை போலக் குமிழ்விட்டுத் தெறிக்கும், தோலில் ஒட்டிக்கொள்ளும். நீளக் காம்புக் கரண்டி கொடுங்கள். கடைசியில் மூடி, மூன்று நிமிடம் சிம்மில். திறக்கும்போது மூடியின் எதிர்விளிம்பை முதலில் தூக்க வேண்டும், ஆவி அந்தப் பக்கம் போகட்டும்.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி செய்தால் உடனே காலி செய்யுங்கள். இந்த வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும்.

ஆறாவது வகுப்பு: தோசை

மாவைக் கடையில் வாங்குங்கள், ஒரு கிலோ மாவில் பன்னிரண்டு முதல் பதினைந்து தோசை வரும். அரைப்பது இன்னொரு நாள் பாடம். மே மாதத்தில் ஆறு மணி நேரத்தில் பொங்கும் மாவு மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எடுக்கும் என்பதை மட்டும் சொல்லிவையுங்கள்.

இரும்புக்கல். நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் நின்று மெல்லக் கொதித்தால் காயவில்லை. சுர்ரென்று ஓடி மறைந்தால் சரி. அப்போது சூட்டைக் குறைத்துவிட்டு மாவை ஊற்ற வேண்டும். கரண்டியோடு மாவு சுருண்டு வந்தால் கல் அதிகம் காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்துத் துணியால் துடைத்தால் இறங்கும். மாவு தேய்க்கவே வராமல் தடித்தால் ஒரு கரண்டித் தண்ணீர் சேருங்கள். பிள்ளைகள் கரண்டியைக் கல்லில் அழுத்தித் தேய்ப்பார்கள், தோசை ஓட்டையாகும். கரண்டி மாவின் மேல் மிதக்க வேண்டும், கல்லைத் தொடக் கூடாது. விளிம்பு தானாகக் கல்லை விட்டு எழும்பும் வரை தோசைத்திருப்பியை எடுக்கவே விடாதீர்கள். ஆளுக்கு மூன்று தோசை கணக்கு வையுங்கள். முதலாவது யாருக்கும் வராது.

ஒவ்வொரு வகுப்பிலும் நான்கு பேருக்கு நான்கு வேலை: அடுப்பு, நறுக்கல், அளவு, பாத்திரம். சுழற்சியில் மாற்றுங்கள். பாத்திரம் தேய்க்கும் முறை பையன்களுக்கு வரும்போது அம்மா வந்து தேய்த்துக் கொடுத்தால் அனுப்பிவிடுங்கள். தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து, மேடையைத் துடைத்து, துணியைப் பிழிந்து காயப்போட்ட பிறகுதான் வகுப்பு முடிந்தது.

கடைசி நாளில் பிள்ளையின் பெயர் போட்டு ஒரு சீட்டு எழுதி வீட்டுக்குக் கொடுங்கள். தனியாகச் செய்யலாம்: கொசுமல்லி, நீர்மோர், இண்டக்‌ஷனில் ரசம். பெரியவர் வீட்டில் இருந்தால்: தாளிப்பு, உப்புமா, தோசை. பெரியவர் பக்கத்திலேயே நின்றால்: குக்கர். இன்னும் வேண்டாம்: அப்பளம் உட்பட எதையும் பொரிப்பது, சோறு வடிப்பது, அரிவாள்மனை. கீழே 108, 1906, அம்மா அப்பா நம்பர்கள். ஃபிரிட்ஜ் கதவில், பிள்ளையின் கண் உயரத்தில் ஒட்டச் சொல்லுங்கள்.